காலை ஆறு மணி ஃப்ளைட்டுக்கு எத்தனை மணிக்குப் போய் நிற்பது?

உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள் என்றுதான் எல்லா விமான நிறுவனங்களும் சொல்கின்றன. எதற்கு வம்பு என்று மூன்றரை மணி நேரம் முன்னாலேயே போய், நாற்காலியில் தூங்கி வழிபவர்கள் இருக்கிறார்கள். "அதெல்லாம் சும்மா சொல்றது" என்று கடைசி நேரத்தில் ஓடிவந்து, வேர்த்து விறுவிறுக்க ஏறிவிட்டு, அடுத்த முறையும் அப்படியே செய்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் கணக்கைத் தொடங்குவது விமானம் புறப்படும் நேரத்திலிருந்து. சிக்கலே அங்கேதான். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானத்துக்கான கெடு. பயணிக்கு அதற்கு முன்பே இரண்டு கெடு வந்து போய்விடுகின்றன. ஒன்று பெட்டியை வாங்கிக்கொள்ளும் செக்-இன் கவுண்டர் மூடும் நேரம், இன்னொன்று போர்டிங் கேட் மூடும் நேரம்.

இன்றைக்கு இந்தியாவில் உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால் செக்-இன் கவுண்டரை மூடிவிடுகின்றன. இண்டிகோவில் போர்டிங் கேட் மூடுவது 25 நிமிடம் முன்னால். மற்ற நிறுவனங்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான். முன்பெல்லாம் கவுண்டருக்கு 45 நிமிடம் என்பதுதான் வழக்கம். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும் என்று 60 நிமிடம் ஆக்கினார்கள். கொரோனா போய்விட்டது, 60 நிமிடம் நின்றுவிட்டது. பழைய கணக்கை மனதில் வைத்திருக்கும் பழைய பயணிகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு மணி நேரம் முன்னால் ஏன் மூட வேண்டும்? பெட்டியின் பயணத்தைப் பார்த்தால் புரியும். கவுண்டரில் எடை போட்டு, பெயர்ச்சீட்டு கட்டி, பெல்ட்டில் போட்டதும் அது நேராக விமானத்துக்குப் போவதில்லை. எக்ஸ்ரே ஸ்கேன், சந்தேகம் இருந்தால் இன்னொரு கட்டச் சோதனை, பிறகு எந்த விமானம் என்று பிரிப்பது, வண்டியில் ஏற்றுவது, விமானத்தின் அடிவயிற்றில் முன்பக்கமா பின்பக்கமா என்று கணக்குப் பார்த்து அடுக்குவது என்று வரிசையாக வேலை இருக்கிறது. எத்தனை பேர், எங்கே உட்காருகிறார்கள், எத்தனை கிலோ, எந்த அறையில் என்பதையெல்லாம் சேர்த்து ஒரு எடைக் கணக்குத் தாள் தயாராகும். அதை வைத்துத்தான் விமானி வேகத்தையும் சமநிலையையும் கணக்கிடுவார். கவுண்டர் மூடினால்தான் இந்தக் கணக்கு முடியும்.

இன்னொரு விதியும் உண்டு. பெட்டியைப் போட்டுவிட்டுப் பயணி ஏறவில்லை என்றால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்காமல் விமானம் கிளம்பக் கூடாது. இந்த விதிக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலின் மேலே வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டியைச் செக்-இன் செய்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. உலகம் முழுக்க இந்தச் சோதனை இறுகியது அதற்குப் பிறகுதான். இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 1987-இல் தனித் துறையாக்கப்பட்டதும் அந்தச் சம்பவத்தின் தொடர்ச்சியே. கேட்டில் ஒலிபெருக்கியில் ஒருவர் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்களே, அக்கறை ஒருபுறம் இருக்க, அவர் வராவிட்டால் கீழே நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவில் அவருடையதைத் தேட வேண்டும் என்ற கவலையும் அதில் இருக்கிறது.

ஆகவே உங்கள் நேரத்தை முடிவு செய்வது உங்கள் பெட்டிதான். பெட்டி போடுகிறவருக்கு 60 நிமிடக் கெடு. கைப்பையோடு மட்டும் போகிறவர், வெப் செக்-இன் (இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுப்பது) முடித்திருந்தால், 25 நிமிடக் கெடுவை வைத்துக் கணக்குப் போடலாம். இருவருக்கும் ஒரே "இரண்டு மணி நேரம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சென்னையில் ஒரு கவுண்டரில் பார்த்தது இது. அறுபதைத் தாண்டியவர் ஒருவர், ஒரு சூட்கேஸும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியுமாக வந்து நின்றார். கவுண்டரில் இருந்த பெண், "சாரி சார், க்ளோஸ் ஆயிடுச்சு" என்றார். "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கேம்மா, டிக்கெட்டப் பாரு." "லக்கேஜ் எடுக்க முடியாது சார், சிஸ்டமே எடுக்காது. வெப் செக்-இன் பண்ணிட்டீங்கல்ல, ஹேண்ட் பேக் மட்டும்னா இப்பவே செக்யூரிட்டிக்கு ஓடுங்க." அவர் ஒரு நொடி அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து, வெளியே கார் பார்க்கிங்கை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகனைத் திரும்ப வரச் சொன்னார். பெட்டிகள் வாசலோடு வீட்டுக்குத் திரும்பின. அவர் ஏறிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஓடிய வேகம் அப்படி. பத்து நிமிடம் தாமதம் என்பது பெட்டிக்குப் பெரிய விஷயம், ஆளுக்கு அவ்வளவு இல்லை.

சரி, பின்னாலிருந்து எண்ணிப் பார்ப்போம். வேலை நாளில் காலை 9.30 மணி விமானம், சென்னையிலிருந்து. பெட்டி உண்டு. கவுண்டர் 8.30-க்கு மூடும். வரிசையில் அரை மணி நேரம் என்று வைத்தால் 8.00-க்கு வரிசையில் நிற்க வேண்டும். டெர்மினல் வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து உள்ளே விட 15 நிமிடம். ஆக 7.45-க்கு வாசலில் இருக்க வேண்டும், அதாவது ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால். பெட்டி இல்லாவிட்டால்? கேட் மூடுவது 9.05. செக்யூரிட்டியிலிருந்து கேட்டுக்கு நடக்க ஐந்து நிமிடம், செக்யூரிட்டிக்கு அரை மணி, வாசலுக்கு அதே 15 நிமிடம். 8.15-க்கு வந்தால் போதும். இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் வித்தியாசம்.

இந்தக் கணக்கில் "அரை மணி" என்று நான் எளிதாகப் போட்ட இடங்கள்தான் உண்மையில் ஆட்டம் காட்டுபவை. செக்யூரிட்டி வரிசை ஏன் ஒரு நாள் ஐந்து நிமிடமாகவும் இன்னொரு நாள் ஐம்பது நிமிடமாகவும் இருக்கிறது? ஒரு எண்ணிக்கையை வைத்துப் பார்க்கலாம். ஐந்து எக்ஸ்ரே வரிசைகள், ஒவ்வொன்றிலும் மணிக்கு 150 பேர் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 750. அந்த ஒரு மணி நேரத்தில் 700 பேர் வந்தால் பெரிய வரிசையே இருக்காது. 1000 பேர் வந்தால் மணி முடியும்போது 250 பேர் மிச்சம். கடைசியில் வந்து சேர்பவர் 20 நிமிடம் நிற்பார். ஒரு எக்ஸ்ரே பெல்ட் நின்றுபோய் நான்கு வரிசைதான் ஓடுகிறது என்றால் 400 பேர் மிச்சம். நிற்கும் நேரம் 40 நிமிடம். ஒரே ஒரு மெஷின் நின்றதற்கு நேரம் இரட்டிப்பாகிறது. அதே நெரிசல் இரண்டாவது மணி நேரமும் தொடர்ந்தால் அது 80 நிமிடம் ஆகிவிடும். 'போன தடவை பத்து நிமிஷத்துல போயிட்டேன்' என்ற அனுபவம் இதனால்தான் அடுத்த தடவைக்கு உதவுவதில்லை.

ஒரு விமானம் என்றால் எத்தனை பேர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இண்டிகோவின் ஏ320 நியோவில் 180-க்கு மேல் இருக்கைகள். ஏ321-இல் 220-க்கு மேல். அரை மணிக்குள் நான்கு விமானம் கிளம்பினால் சுமார் 800 பேர் அதே வாசலில், அதே வரிசையில் வந்து நிற்பார்கள். சென்னையில் இது நடப்பது பெரும்பாலும் விடியற்காலையில். இரவு வந்து நின்ற விமானங்கள் எல்லாம் காலை ஐந்திலிருந்து எட்டு வரை அடுத்தடுத்துக் கிளம்பும். காலையில் போய் மாலையில் திரும்ப நினைக்கும் அலுவலக ஆட்களுக்கும் அந்த நேரம்தான் வேண்டும். நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குப் போகும் ஜிஎஸ்டி சாலை காலியாகக் கிடப்பதைப் பார்த்து, 'இந்த நேரத்துல யார் இருக்கப் போறா' என்று தோன்றும். உள்ளே போனால் திருவிழாக் கூட்டம். மதியம் இரண்டு மணிக்கு நேர்மாறாக இருக்கும்: கிண்டியிலிருந்தே வண்டி நகராது, டெர்மினலுக்குள் காற்றாடும். சாலையின் நெரிசலும் நிலையத்தின் நெரிசலும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதை வைத்தே பாதிக் கணக்கைப் போட்டுவிடலாம்.

கூட்டம் கட்டுமீறிப் போனதற்கு நல்ல உதாரணம் டெல்லி, 2022 டிசம்பர். கொரோனாவுக்குப் பிறகு பயணிகள் ஒரேயடியாகத் திரும்பி வந்த நேரம் அது. மூன்றாவது டெர்மினலில் வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா டிசம்பர் 12 அன்று நேரில் போய்ப் பார்த்தார். மறுநாள் இண்டிகோ தன் பயணிகளிடம், உள்நாட்டு விமானத்துக்கே மூன்றரை மணி நேரம் முன்னால் வாருங்கள், 7 கிலோவுக்குள் ஒரே ஒரு கைப்பை கொண்டுவாருங்கள் என்றது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லோரும் முன்னால் வந்தால் வரிசை குறையாது. பத்து மணி விமானத்துக்கு வர வேண்டியவர் எட்டு மணி விமானக்காரர்களோடு சேர்ந்து நிற்பார், நிஜமாகவே அவசரத்தில் இருப்பவர் அவருக்குப் பின்னால் நிற்பார். தனி ஆளுக்கு நல்ல அறிவுரை, மொத்தக் கூட்டத்துக்குக் கெட்ட அறிவுரை. நிலைமை சரியானது எக்ஸ்ரே மெஷின்களைக் கூட்டி, நெரிசல் நேர விமானங்களைக் குறைத்த பிறகுதான்.

வேறு சில நாட்களில் நெரிசல் இல்லாமலே தாமதமாகும். சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களில் சென்னையில் பாதுகாப்பை இன்னும் சில அடுக்குகள் கூட்டுவார்கள். பார்வையாளர் பாஸ் கிடையாது, வாகனங்களை வழியிலேயே நிறுத்திப் பார்ப்பார்கள், விமானத்தில் ஏறும் படிக்கட்டருகே மறுபடி ஒரு சோதனை நடக்கும். 2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' நடந்த நாட்களில் நாடு முழுக்க எல்லாப் பயணிகளுக்கும் இந்த இரண்டாவது சோதனை வந்தது. மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொன்னார்கள், கவுண்டரை 75 நிமிடம் முன்னாலேயே மூடினார்கள். அந்த 15 நிமிடத்தைச் செய்தியில் கவனிக்காதவர்கள் நேராகக் கவுண்டரில் போய்த்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். விமான நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தியை முதல் நாள் இரவு ஒருமுறை திறந்து படிப்பது நல்லது. விளம்பரங்களுக்கு நடுவே அதுவும் கிடக்கும்.

டெர்மினல் வாசலில் நம்மூர்க்காரர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது, இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, டிக்கெட் எடுத்துக் கொடுத்த மகன் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக விரித்துப் போட்டது ஒரு மாதிரி. வாசலில் இருக்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் பெரும்பாலும் பார்த்துப் புரிந்துகொண்டு விட்டுவிடுவார். டிஜி யாத்ரா செயலி அப்படிப் புரிந்துகொள்ளாது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் இந்த வசதி 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி, 2024-இல் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தது. வேலை செய்யும்போது அருமையாக இருக்கிறது; பக்கத்து வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது நீங்கள் நடந்து போய்விடலாம். ஆனால் ஆதாரில் இருக்கும் பெயரும் போர்டிங் பாஸில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும், போர்டிங் பாஸை முன்கூட்டியே செயலியில் ஏற்றியிருக்க வேண்டும். வாசலில் நின்றுகொண்டு ஓடிபி வருமா என்று காத்திருப்பதற்குச் சாதாரண வரிசையே மேல்.

செக்யூரிட்டியில் நேரம் போவது ஆட்களைத் தடவிப் பார்ப்பதில் அல்ல, பைகளில். லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் தனி ட்ரேயில் வர வேண்டும். அதை வரிசையில் நிற்கும்போதே எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. பெல்ட் அருகே வந்த பிறகுதான் பைக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். லைட்டரோ தீப்பெட்டியோ இருந்தால் பை தனியாக ஒதுங்கிவிடும், பிறகு அதைத் திறந்து பார்க்க ஆள் வரும்வரை நிற்க வேண்டியதுதான். பெண்களுக்குத் திரைபோட்ட தனிக் கூண்டில் சோதனை என்பதால் குடும்பமாகப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பவர் பேங்கைத் தவறிக்கூட பெரிய பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அது எக்ஸ்ரேயில் மாட்டினால் உங்களைத் தேடிக் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அதற்குள் நீங்கள் கேட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் இருமுடியோடு வருவார்கள். நெய்த்தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக முன்பு அனுமதி கிடையாது. 2024 அக்டோபரில் அதற்கு விலக்கு அளித்து, 2025 ஜனவரி 20 வரை அனுமதித்தார்கள். எக்ஸ்ரே, வெடிபொருள் சோதனை, கையால் திறந்து பார்ப்பது எல்லாம் உண்டு என்ற நிபந்தனையோடு. குழுவாக இருபது பேர் இருமுடியுடன் நின்றால் அந்த வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை; முடிந்தால் பக்கத்து வரிசையில் நில்லுங்கள்.

சென்னையில் உள்நாட்டுக்கு டெர்மினல் 1, டெர்மினல் 4 என்று இரண்டு இருக்கின்றன. பழைய பன்னாட்டு முனையம்தான் 2023-இல் உள்நாட்டுக்கான டெர்மினல் 4 ஆனது. எது என்று டிக்கெட்டில் இருக்கும். மாறி இறங்கினாலும் நடந்துவிடலாம், பெட்டி கனமாக இருந்தால் மட்டும் நாக்குத் தள்ளும். திரும்பி வரும்போது டெல்லியிலோ மும்பையிலோ மாறி இறங்கினால் கதையே வேறு. அங்கே ஒரு டெர்மினலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரம். மறுபடி டாக்ஸி பிடித்துப் போவதற்குள் அரை மணி போய்விடும்.

மெட்ரோ 2016 செப்டம்பரிலிருந்து விமான நிலையம் வரை ஓடுகிறது. சாலையை நம்ப முடியாத மாலை நேரங்களில் அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் முதல் ரயில் காலை ஐந்து மணி வாக்கில்தான், ஆறு மணி விமானத்துக்கு அது உதவாது. விழுப்புரம், புதுச்சேரி, வேலூர் பக்கமிருந்து காரில் வருகிறவர்களுக்கு நிலையத்துக்குள் ஆகும் நேரத்தைவிட வழிதான் கவலை. பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் ஞாயிறு இரவில் செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடிக்கு வந்துவிட்டு "இன்னும் அரை மணி நேரத்துல ஏர்போர்ட்" என்று யாரும் சொல்ல முடியாது.

சின்ன ஊர்களின் கணக்கு வேறு. தூத்துக்குடியிலும் சேலத்திலும் வந்துபோவது பெரும்பாலும் ஏடிஆர் விமானங்கள், எழுபது சொச்சம் இருக்கைகள். வாசலிலிருந்து கேட் வரை எல்லாமே கூப்பிடு தூரம்தான். ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் தாராளம்; இன்னும் முன்னால் போனால் கவுண்டரில் ஆளே இருக்காது. ஆனால் அங்கே கெடு விஷயத்தில் கறாராக இருப்பார்கள். கவுண்டரில் பெட்டி வாங்கிய அதே இரண்டு மூன்று பேர்தான் பிறகு கேட்டுக்கும் போவார்கள், அவர்கள் எழுந்து போய்விட்டால் கெஞ்சக்கூட ஆள் கிடையாது. திருச்சி வேறு வகை. 2024-இல் செயல்பாட்டுக்கு வந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா விமானங்களுக்கு வழியனுப்ப வரும் கூட்டம் மட்டும் வாசலில் நிறைய இருக்கும்.

உள்ளே வந்த பிறகும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. சென்னை 2022 முதல் 'அமைதி விமான நிலையம்' என்று அறிவிப்புகளைக் குறைத்துவிட்டது. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேட் மாறினாலும் அதில்தான் தெரியும். பஸ்ஸில் கூட்டிப்போய் ஏற்றும் கேட்டாக இருந்தால் கடைசி பஸ் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கண்ணெதிரே விமானம் நிற்கிறதே என்று வாதாடுவதில் பயனில்லை. நேரம் மிச்சமிருந்தால், டெர்மினல் 1-இல் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் பத்து ரூபாய்க்கு டீ கிடைக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விமானம் தாமதம் என்று செய்தி வந்தால் நாமும் தாமதமாகப் போகலாமா? போகிப் புகை, வடகிழக்குப் பருவமழை என்று சென்னையில் இதற்குக் காரணங்கள் வருடாவருடம் உண்டு. கவுண்டரும் அதற்கேற்பத் தாமதமாக மூடும் என்று நம்பிவிடக் கூடாது. மேகம் விலகி, தாமதம் குறைந்து, விமானம் சீக்கிரமே கிளம்பிவிடுவதும் உண்டு. பழைய நேரத்துக்கே போவதுதான் சரி.

வரிசையில் நிற்கும்போதே கெடு நெருங்கினால் கூச்சப்படாமல் முன்னால் போய் ஊழியரிடம் சொல்லுங்கள். "டெல்லி பாசஞ்சர்ஸ் யாராவது இருக்கீங்களா?" என்று அவர்களே வந்து கூப்பிட்டு முன்னால் அழைத்துப் போவது வழக்கம்தான்.

எல்லாம் மீறி விமானத்தைத் தவறவிட்டால் என்ன கிடைக்கும்? இருக்கையைவிட அதிக டிக்கெட் விற்றுவிட்டு, நேரத்தோடு வந்தவரை ஏற்றாமல் விட்டால், மாற்று விமானம் எவ்வளவு நேரத்தில் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை இழப்பீடு தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. தாமதமாக வந்தவருக்கு இது பொருந்தாது. அவர் 'வராதவர்' கணக்கில் போய்விடுவார், அடிப்படைக் கட்டணமும் பெரும்பாலும் போய்விடும். ஆனால் டிக்கெட்டில் சேர்த்து வாங்கிய அரசு வரிகள், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் போன்றவற்றை வராதவருக்கும் திருப்பித் தர வேண்டும் என்பது அதே இயக்குநரகத்தின் விதிதான். தானாக வரும் என்று காத்திருக்காமல், நிறுவனத்தின் இணையதளத்திலோ டிக்கெட் எடுத்த ஏஜென்ட் மூலமாகவோ கேட்டு வாங்குங்கள். சலுகை விலையில் எடுத்த டிக்கெட்டில் இந்தத் தொகை ஒன்றும் சில்லறை இல்லை.